போதை ஆய்வும் பெண் விலங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான ஆய்வுகூடம் சமூகத்துக்கு அப்பாற்பட்டதன்று. எவ்வினாவை எழுப்புவது, எவ்விலங்கைத் தெரிவுசெய்வது என்பனவற்றிலும் சமூகத்தின் முற்கோள்கள் உட்புகுந்துவிடுகின்றன. போதைப் பழக்கத்தில் இலிங்க ஓமோன்கள் பெறும் பங்கு பற்றிய விலங்காய்வின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1849 இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்பார் இளஞ்சேவல்களின் விதைகளை அகற்றினார். கொண்டை சுருங்கியது, கூவலும் சண்டையும் ஒழிந்தன. விதையை உடலின் வேறோரிடத்தில் மீள வைத்தபோது அவை மீண்டன. குருதி வழியே இயங்கும் பொருளொன்று நடத்தையை மாற்றவல்லது என்பது இதனாற் புலப்பட்டது. 1922 இல் லோங், எவன்ஸ் ஆகியோர் பெண் எலியின் நான்கைந்து நாள் இனப்பெருக்க வட்டத்தை விரிவாக விளக்கினர். அவ்வட்டத்துக்கேற்ப எலியின் ஓட்டம் கூடிக் குறைவதை 1923 இல் வாங் காட்டினார். 1929 இல் ஈஸ்ரோனும் 1935 இல் ரெஸ்ரோஸ்ரெறோனும் பிரித்தெடுக்கப்பட்டன. எனவே, ஓமோனுக்கும் நடத்தைக்குமுள்ள தொடர்பு 1930களிலேயே அறியப்பட்டதொன்றாகும்.

ஆயினும் போதை ஆய்வு இவ்வறிவைப் பயன்படுத்த நெடுங்காலம் தாழ்த்தியது. 1962 இல் வீக்ஸ், எலி தானே நெம்பை அழுத்தி நாளத்தினூடாக மோர்பின் பெறும் முறையை வெளியிட்டார். இம்முறை பரவியபோது ஆண் எலியே பொது மாதிரியாயிற்று. பெண் விலங்கின் வட்டம் முடிவுகளைத் தளம்பச் செய்யும் என்பதே கூறப்பட்ட காரணம். மனிதர் மீதான சோதனையிலும் இப்போக்கு நிலவியது. 1977 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்க நிலைகளிலிருந்து விலக்குமாறு பரிந்துரைத்தது. 1993 இலேயே அது கைவிடப்பட்டது. 2009 இல் வெளியான விலங்காய்வுகளை பியரி, சக்கர் ஆகியோர் ஆராய்ந்தபோது, நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவை, பெண் விலங்குகளை மட்டும் பயன்படுத்தியவற்றின் 5.5 மடங்காக இருந்தன.

புறக்கணிக்கப்பட்ட வினா 1989 இல் கூர்மை பெற்றது. றொபேட்ஸ் குழுவினர், கொக்கெயினின் ஒவ்வொரு அளவுக்கும் முன்னையதிலும் கூடுதலான தடவை நெம்பை அழுத்தவேண்டிய ஏற்பாட்டைக் கையாண்டனர். எலி எப்போது முயற்சியைக் கைவிடுகிறது என்பதே அளவீடு. பெண் எலிகள் ஆண் எலிகளிலும் நீடித்து முயன்றன. புணர்ச்சி வேட்கைக் காலத்தில் அம்முயற்சி மேலும் மிகுந்தது. 1999 இல் லிஞ்ச், கரோல் ஆகியோர் பெண் எலிகள் இப்பழக்கத்தை விரைவில் பெறுவதைக் கண்டனர். சூலகம் அகற்றப்பட்ட எலிகளில் இது தணிந்தது. ஈஸ்ரோஜன் கொடுக்கப்பட்டபோது மீண்டது. ஈஸ்ரோஜன் மூளையில் டோபமின் வெளியீட்டை மிகுவிப்பதை பெக்கர் முதலானோரின் ஆய்வுகள் உணர்த்தின. புரோஜெஸ்ரெறோனோ இவ்விளைவை எதிர்த்தது. ஆகவே, இங்கு காணப்படுவது மாறாத ‘பெண் இயல்பு’ அன்று. அளந்து அறியத்தக்க, மாற்றத்துக்குள்ளாகும் ஓர் இயக்கமேயாகும்.

விலக்குதலுக்குக் கூறப்பட்ட காரணமும் நிலைக்கவில்லை. 2014 இல் பிறென்டர்காஸ்ட் குழுவினர் சுண்டெலிகள் பற்றிய 293 கட்டுரைகளைத் தொகுத்து நோக்கினர். பெண் சுண்டெலிகளின் தரவுகள் ஆண்களுடையவற்றிலும் கூடுதலாகத் தளம்பவில்லை. ஆண்களும் வேறுபடுவர் என்ற எளிய உண்மையை எவரும் குறையாகக் கருதியிருக்கவில்லை என்பதே இதன் உட்பொருள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் விலங்கின் பாலையும் ஆய்விற் கருத்திற்கொள்ளும் விதியை 2016 இல் நடைமுறைப்படுத்தின.

எனினும், ஒரு தவறைத் திருத்தப் புகுந்து மற்றொன்றில் வீழ்தலாகாது. போதைக்கு அடிமையாதலை ஓமோனுக்குள் ஒடுக்குவது உயிரியல்வாதமாகும். 1970களின் இறுதியில் கனடாவில் அலெக்சாண்டர் குழுவினர், தனிக்கூட்டில் அடைபட்ட எலிகள், விசாலமான இடத்திற் கூடி வாழ்ந்த எலிகளிலும் மிகுதியாக மோர்பின் கரைசலை அருந்துவதைக் காட்டினர். பிந்திய சோதனைகள் யாவும் இதனை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும், கூடும் பரிசோதனையின் ஒரு பகுதியே என்ற வினாவை அது எழுப்பியது. எலிக்குக் கூடு எத்தகையதோ, மனிதருக்குத் தனிமையும் வறுமையும் அத்தகையன. பெண்ணுடல் ஆய்விலிருந்து விலக்கப்பட்டமை அறிவின் குறை. அவ்வுடலை மட்டுமே கொண்டு பெண்ணின் துயரை விளக்க முனைவதும் அறிவின் குறையே.