ஸ்பிரிங்பேங்க் வடிசாலை

ஸ்பிரிங்பேங்க் வடிசாலை என்பது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கின்டையர் தீபகற்பத்திலுள்ள கேம்பெல்டவுன் நகரில் 1828 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மால்ட் விஸ்கி ஆலை ஆகும். வாற்கோதுமையை முளைக்க வைப்பது முதல் புட்டியில் அடைப்பது வரை எல்லா வேலைகளும் ஒரே வளாகத்தில் நடைபெறும் மிகச் சில ஸ்காட்லாந்து வடிசாலைகளுள் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் விஸ்கிக்குப் பெயர்பெற்ற இந்நகரின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மீட்சியையும் இந்த ஆலையின் வரலாற்றில் காணலாம்.

தொடக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் அரசின் வரிக்கு அஞ்சி மறைவாகச் சாராயம் வடிப்பது பரவலாக இருந்தது. 1823 ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் வரியைக் குறைத்து, உரிமம் பெறுவதை எளிதாக்கியது. அதன்பின் பலர் சட்டப்படியான தொழிலுக்கு வந்தனர். ஸ்பிரிங்பேங்கைத் தொடங்கிய ரீட் குடும்பத்தாரிடமிருந்து, அவர்களின் உறவினர்களான மிட்செல் சகோதரர்கள் 1837 இல் ஆலையை வாங்கினர். அன்று முதல் அது அக்குடும்ப வழியினரிடமே இருந்து வந்தது.

கேம்பெல்டவுனில் நல்ல துறைமுகம் இருந்தது. சுற்றுப்புறத்தில் வாற்கோதுமை விளைந்தது. அருகிலேயே நிலக்கரிச் சுரங்கமும் இருந்தது. இதனால் தொழில் விரைந்து வளர்ந்தது. 1880களில் இங்கு வந்த எழுத்தாளர் ஆல்ஃபிரட் பர்னார்டு, 21 வடிசாலைகள் இயங்கியதைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். ஜப்பானிய விஸ்கித் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான மசதாகா தகெத்சுரு 1920 இல் பயிற்சி பெற்றதும் இந்நகரின் ஹேசல்பர்ன் வடிசாலையில்தான்.

வீழ்ச்சி

அடுத்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஹேசல்பர்ன் 1925 இல் மூடப்பட்டது. 1930களின் நடுப்பகுதியில் ஸ்பிரிங்பேங்க், கிளென் ஸ்கோஷியா ஆகிய இரண்டு மட்டுமே எஞ்சின.

இவ்வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. முதல் உலகப் போரையொட்டி விஸ்கி மீதான வரி கடுமையாக உயர்ந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்ததால் பெரிய சந்தை ஒன்று முறையாகக் கிடைக்காமல் போயிற்று. பல விஸ்கிகளைக் கலந்து விற்கும் நிறுவனங்கள், கேம்பெல்டவுனின் கனத்த சுவையை விட்டு, ஸ்பேசைடு பகுதியின் மென்மையான விஸ்கியை விரும்பத் தொடங்கின. இவற்றுடன், அளவைக் கூட்டத் தரத்தைக் குறைத்த சில ஆலைகளால் ஊரின் பெயரே கெட்டது என்றும் கூறுவர். தவறு சிலருடையதானாலும், புட்டியில் ஊர்ப் பெயர் இருந்ததால் இழப்பு எல்லோரையும் தாக்கியது.

தயாரிப்பு முறை

மால்ட் என்பது முளைகட்டிய தானியம். நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து அரைப்பதும் இதே அடிப்படையில்தான். முளைக்கும்போது உருவாகும் நொதிகள், தானியத்தின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்ற உதவுகின்றன.

ஸ்பிரிங்பேங்கில் ஊறவைத்த வாற்கோதுமையைக் கல்தளத்தில் பரப்புவர். முளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமலும் சூடேறாமலும் இருக்க, பணியாளர்கள் மரப்பலகைகளால் அடிக்கடி புரட்டி விடுவர். போதிய அளவு முளைத்ததும் சூளையில் உலர்த்துவர். சதுப்பு நிலங்களில் மட்கிய தாவரங்களால் உண்டான பீட் என்னும் எரிபொருளை மூட்டினால், அதன் புகைமணம் தானியத்தில் ஏறும்.

உலர்ந்த மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாற்றைப் பிரிப்பர். அதை மரத்தொட்டிகளில் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுவர். கிடைக்கும் மெல்லிய மதுவைச் செப்புக் கொதிகலன்களில் காய்ச்சி வடிப்பர். நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் ஆல்ககால் ஆவியாவதால் இரண்டும் பிரிகின்றன. ஆவி குளிர்ந்து திரவமாகிறது. அதன் முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுப்பர்.

இந்த ஆலையில் மூன்று வகை விஸ்கி தயாராகிறது:

* ஸ்பிரிங்பேங்க்: மிதமான புகைமணம் உடையது. ஒரு பகுதி இருமுறையும் மற்றொரு பகுதி மும்முறையும் வடிக்கப்படுவதால் இரண்டரை முறை வடித்தது எனப்படும்.
* லாங்ரோ: மிகுந்த புகைமணம் உடையது. இருமுறை வடிக்கப்படும்.
* ஹேசல்பர்ன்: பீட் புகை படாதது. மும்முறை வடிக்கப்படும்.

பின் இரண்டும் இந்நகரில் மூடப்பட்ட பழைய வடிசாலைகளின் பெயர்கள்.

சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி, ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப்பீப்பாய்களில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர வேண்டும். இக்காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிவிடும். இதைத் தொழிலாளர்கள் 'தேவதைகளின் பங்கு' என்பர்.

மீட்சி

ஸ்பிரிங்பேங்கும் தன் பழைய முறையை இடைவிடாமல் காத்ததாகச் சொல்ல முடியாது. 1960 இல் தளத்தில் முளைகட்டுவதை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து மால்ட் வாங்கியது. 1980களில் பல ஆண்டுகள் உற்பத்தியே ஏறத்தாழ நின்றிருந்தது. 1992 இல் பழைய தளங்களைத் திறந்து மீண்டும் கையால் முளைகட்டத் தொடங்கியது. இன்று தனக்குத் தேவையான மால்ட் முழுவதையும் தானே தயாரிக்கிறது.

இதற்கிடையே, இரண்டே ஆலைகள் உள்ள ஊரைத் தனி விஸ்கி வட்டாரமாகக் கருத வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. மிட்செல் குடும்ப வழிவந்த ஹெட்லி ரைட், 1925 இல் மூடப்பட்ட கிளென்கைல் வடிசாலையின் கட்டடத்தை 2000 இல் வாங்கினார். 2004 இல் அங்கு மீண்டும் உற்பத்தி தொடங்க, நகரின் வடிசாலைகள் மூன்றாயின. 2009 ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் ஹைலாந்து, லோலாந்து, ஸ்பேசைடு, ஐலா ஆகியவற்றுடன் கேம்பெல்டவுனின் பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு அளித்தன.