மலை சைக்கிள் குழுப் பயணம்

கரடுமுரடான மலைப்பாதைகளில் பலர் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் முறை. மலை சைக்கிள் விளையாட்டு 1970களில் கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைச் சரிவுகளில் வளர்ந்தது. நடந்து செல்வோருடன் உரசல் எழுந்து பல பாதைகள் மூடப்பட, 1988இல் சர்வதேச மலை சைக்கிள் சங்கம் உருவானது.

அதன் விதிப்படி, நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு ஒதுங்க வேண்டும். ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது எளிதல்ல என்பதால் இது மிக நியாயமான விதி.

குழுவில் வழி தெரிந்தவர் தலைவராக முன்னே போவார். பழுதுபார்க்கத் தெரிந்த அனுபவசாலி ஒருவர் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரியும் இடமெல்லாம் தலைவர் நின்று ஆள் எண்ணுவார். கடைசி ஆள் வந்ததும் உடனே கிளம்புவது மோசமான தலைமை: அதிகம் களைத்தவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகிறது.

மழைக்குப் பின் சேற்றில் பதியும் சக்கரத் தடத்தில் நீர் ஓடி மண்ணை அரிக்கும். அன்று பயணத்தைத் தள்ளிவைப்பதும் தலைவர் பொறுப்பே.