சுரண்டியும் அழியாத ஏடு

வத்திக்கான் நூலகத்தில் 5757 என்ற எண்ணுள்ள லத்தீன் தோலேட்டின் மின்படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். மேலே நெருக்கமான சிறிய எழுத்தில், சங்கீதங்களுக்குப் புனித அகஸ்டீன் எழுதிய விளக்கவுரை. அதற்கு அடியில் மங்கிய பெரிய எழுத்துகள். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 15 வரி. நான் தேடி வந்தது அந்த அடியெழுத்தைத்தான். ரோமச் சிந்தனையாளர் சிசரோவின் ‘குடியரசு’.

என்னை இந்தத் தேடலில் இறக்கிவிட்டவர் அமெரிக்க அரசியல் தலைவர் ஜான் ஆடம்ஸ். 1787-இல் அமெரிக்க அரசமைப்புகளை ஆதரித்து எழுதிய நூலில் அவர் இந்தக் ‘குடியரசை’த் துணைக்கு அழைக்கிறார். ஆனால் அன்று அப்படியொரு நூலே யார் கையிலும் இல்லை! அதைத் தேடியலைந்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்குக்கு 1345-இல் வெரோனாவில் சிக்கியவை சிசரோவின் கடிதங்கள்தாம். ‘குடியரசின்’ இறுதிப் பகுதியான ‘ஸிப்பியோவின் கனவு’ மட்டும் மக்ரோபியஸின் உரையோடு தப்பிப் பிழைத்திருந்தது.

பிறகு ஆடம்ஸுக்கு எப்படிக் கிடைத்தது? பழைய நூல்களில் சிதறிக் கிடந்த மேற்கோள்கள் வழியாக. அவற்றில் முக்கியமானது அகஸ்டீனின் ‘கடவுளின் நகரம்’. நாடு மக்களின் உடைமை என்றும், நீதியை ஒப்புக்கொண்டு பொதுநலனுக்காகக் கூடியவர்களே மக்கள் என்றும் சிசரோ வகுத்ததை அகஸ்டீன் எடுத்தாண்டு, அதோடு வாதாடுகிறார். மறுக்க வந்தவரே காத்துக் கொடுத்திருக்கிறார்.

ஏட்டிலும் அதே அகஸ்டீன்தான். வட இத்தாலியின் பொப்பியோ மடத்தில், ஏழாம் நூற்றாண்டில், சிசரோவைச் சுரண்டிவிட்டு அந்தத் தோலில் அகஸ்டீனின் உரையை எழுதினார்கள். சுரண்டிய கையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே அந்த உரை ஏறியிராவிட்டால், மற்றப் பிரதிகள் போன வழியே இதுவும் போயிருக்கும்.

1819-இல் வத்திக்கான் நூலகப் பொறுப்பேற்ற அஞ்சலோ மாய் அடியெழுத்தைக் கண்டுகொண்டார். எழுத்து தெளிய மாசிக்காய்க் கரைசலைப் பூசினார். அந்தக் கறை இன்றும் தோலில் இருக்கிறது. தாள்களோ முன்பின்னாகக் கலைந்து கிடந்தன. பழைய அடுக்கு எண்களைப் பிடித்துக்கொண்டு வரிசை கண்டார். மிஞ்சியவை 151 தாள்கள். ஆறு பாகங்களில் முதல் இரண்டே ஓரளவு முழுமை.

1822-இல் ரோமில் அது அச்சேறியது. ஆடம்ஸ் அப்போதும் உயிரோடு இருந்தார். 1826-இல், 90 வயதில் காலமானார்.