சுவருக்குள் ஓடும் ஒளி

ஒலியை ஒளியாக்கி அனுப்பும் எண்ணம் நம் காலத்தது எனப் பலர் கருதுவர். உண்மையில் அது நூற்றாண்டைக் கடந்த எண்ணமாகும். தொலைபேசியினாற் புகழடைந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1880ஆம் ஆண்டிலே, வாஷிங்ரன் நகரத்துப் பாடசாலை ஒன்றின் கூரைமீது தம் உதவியாளர் சாள்ஸ் சம்னர் ரெயின்ரரை நிறுத்தினார். தாம் 213 மீற்றர் தொலைவிலிருந்த ஆய்வுகூடத்திற் காத்திருந்தார். ரெயின்ரர் பேசப் பேச, மெல்லிய ஆடித்தகடு ஒன்று அதிர்ந்தது. அதிற் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி அவ்வதிர்வுக்கேற்பக் கூடியும் குறைந்தும் சென்றது. மறுமுனையிலே செலனியம் என்னும் மூலகம் அவ்வேறுபாட்டை மின்னோட்டத்தில் ஏற்றிற்று. குரல் கேட்டால் சாளரத்தருகே வந்து தொப்பியை அசைக்கும்படி ரெயின்ரர் சொன்னார். பெல் அசைத்தார்.

தொலைபேசியினும் இதுவே தமது பெருங் கண்டுபிடிப்பு என்பது பெல்லின் துணிபு. உலகம் அவ்வாறு கருதவில்லை. முகில் மறைத்தாற் பேச்சு நின்றுவிடும். மூடுபனி வந்தாலும் அதே கதி. ஒளிக்கெனக் காப்பான பாதையொன்று வேண்டியிருந்தது.

அப்பாதைக்கான குறிப்பு பெல்லுக்கு முன்னரே கிடைத்திருந்தது. ஜெனீவா நகரில் 1841ஆம் ஆண்டளவில் டானியல் கொலடன் என்பார், தொட்டியின் துவாரத்திலிருந்து வளைந்து வீழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் வளைந்து செல்வதைக் காட்டினார். நீரின் உட்பரப்பிலே மிகச் சாய்வாகப் படும் ஒளி வெளியேறாது உள்ளேயே தெறிக்கும். இதனை முழு அகத்தெறிப்பு என்பர். நீருக்குப் பதிலாகக் கண்ணாடி இழையை வைத்தாலும் இதுவே நிகழும். ஆயினும் அக்காலத்துக் கண்ணாடியில் இருபது மீற்றர் செல்லுமுன் ஒளியின் பெரும்பங்கு மாய்ந்துவிடும். இக்குறை மாசினால் வருவதே என 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரிலிருந்து சாள்ஸ் கௌ, ஜோர்ஜ் ஹொக்ஹம் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். ஒரு கிலோமீற்றரின் முடிவில் நூற்றிலொரு பங்கு ஒளி எஞ்சினாற் போதும் என்பது அவர்கள் வகுத்த எல்லை. 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அவ்வெல்லையைக் கடந்தனர். கௌ 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

கடல்கடந்த பேச்சுக்கென வளர்ந்த இவ்வித்தை வீட்டுச் சுவருக்குள் ஏன் வந்தது? 1982இல் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதில் இசை எண்களாகப் பதியப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே யப்பானின் தொஷிபா நிறுவனம், அவ்வெண்களைச் செவ்வொளியின் துடிப்புகளாக்கி, ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பருமனுள்ள பிளாஸ்ரிக் இழையிலே அனுப்பும் இணைப்பை வெளியிட்டது. செப்புக் கம்பியும் இவ்வேலையைச் செய்யும். ஆனால், தனித்தனியே புவித்தொடுப்புள்ள இரு கருவிகளைக் கம்பியால் இணைக்கும்போது மின்னோட்டம் ஒரு வளையமாகச் சுற்றி, ஓயாத ரீங்காரமாய் ஒலியில் நுழைவதுண்டு. ஒலிப்பதிவு செய்வோரை அதுபோல் வாட்டுவது வேறில்லை. பிளாஸ்ரிக் இழையில் மின் செல்லாதாகையால் அவ்வழி அடைபடுகின்றது. 1991இல் அலெசிஸ் நிறுவனம் அறிவித்த ஒலிப்பதிவுக் கருவி, அத்தகைய ஓர் இழையிலேயே எட்டுத் தனி ஒலிகளைச் செலுத்திற்று. பாடுவோர்க்கு ஓர் அறையும் பதிவாளர்க்கு ஓர் அறையுமாக வீட்டிலேயே கூடம் அமைத்தோர், இடைச்சுவருக்குள் இவ்விழையை ஓடவிடத் தொடங்கினர்.

இங்கேதான் கொலடனின் நீர்த்தாரையை மறந்தவர் இடர்ப்படுவர். மின்கம்பியைச் சுவர்மூலையிற் செங்கோணமாக மடித்துப் பழகிய கை, இழையையும் அவ்வாறே மடித்துவிடும். கூர்வளைவிலே சாய்வு கெட்டு ஒளி வெளியே கசியும். இசை இடையிடையே வெடித்து, ஈற்றில் அடங்கிவிடும். வளைவின் ஆரம் ஓரங்குலத்திற்குக் குறையலாகாது. பத்து மீற்றருக்கு மேலாயின் சாதாரண பிளாஸ்ரிக் இழையை நம்புதலும் தகாது. இழையின் நுனியிலுள்ள செருகி இழையிலும் பருத்ததாதலால், அதுவும் நுழையத்தக்க அகலமான குழாயைச் சுவரிற் பதித்து, பின்னொரு நாள் வேறிழை இழுக்க ஒரு நூலையும் உள்ளே விட்டுவைப்பது பட்டறிவுடையோர் வழக்கம். சாந்து பூசுமுன் அவர்கள் ஒரு முனையைக் கருவியிற் செருகி, மறுமுனையின் எதிரே வெள்ளைக் கடதாசி ஒன்றைப் பிடித்து, அதிலே சிவப்புப் புள்ளி விழுகின்றதா எனப் பார்ப்பர்.