ரேணிகுண்டாவும் அலிபிரியும்

மெக்ஸிகோ நாட்டின் கரீபியக் கடற்கரையில் உள்ள கான்கூன், 1970க்கு முன் ஊர் என்று சொல்லத்தக்க ஊரே அல்ல. மணல் திட்டு, காயல், தென்னந்தோப்பு, அதைப் பார்த்துக்கொள்ளச் சில ஆட்கள், அவ்வளவுதான். அந்நியச் செலாவணி தேடிய மெக்ஸிகோ அரசு, தன் மத்திய வங்கியின் வழியாக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, சாலையும் விமான நிலையமும் போட்டு, பிறகு விடுதிகளை வரவழைத்தது. முதல் விடுதிகள் 1974 வாக்கில் திறந்தன. இன்று அந்த நிலையத்தை ஆண்டுக்கு மூன்று கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள். விமான நிலையம் ஊரை உண்டாக்கும் என்ற நம்பிக்கைக்கு உலகம் முழுக்கக் காட்டப்படும் சான்று கான்கூன். அதே நம்பிக்கை நம் பக்கத்திலும் பரவியிருக்கிறது. 2017இல் ஷீரடிக்கும் 2023 டிசம்பரில் அயோத்திக்கும் விமான நிலையம் திறந்தபோது, கோயில் ஊரின் எதிர்காலம் ஓடுபாதையில்தான் இருக்கிறது என்ற தொனியில் பேசினார்கள். திருப்பதிக்கு அந்தப் பேச்சு முன்பே வந்துவிட்டது. திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவில் 1970களில் சிறிதாகத் தொடங்கிய நிலையத்துக்கு, 2015 அக்டோபர் 22 அன்று 'கருடா' என்ற பெயரில் புதிய முனையம் கிடைத்தது. பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். 2017இல் அது பன்னாட்டு விமான நிலையம் ஆனது. ஆனால் திருமலைக்குப் போகும் வழிகளின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், அந்த ஊரைப் புரட்டிப்போட்ட பெருமை இந்த நிலையத்துக்குச் சேராது என்பது என் கட்சி. இது வேறு ஒரு பழைய பரம்பரையின் கடைசி வாரிசு.

திருமலைக்குக் கால்வழிகள் பல உண்டு; பெயர்பெற்றவை இரண்டு. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து ஏறுவது பெரிய வழி, மூவாயிரத்து ஐந்நூறு படிகளுக்கு மேல். அந்தப் படிகளில் 17ஆம் நூற்றாண்டுத் தலைவரான மட்லி அனந்தராஜரின் கைங்கரியம் இருக்கிறது. இன்றும் அங்கே போனால், குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறும் பெண்களைப் பார்க்கலாம். செங்குத்தான கடைசி ஏற்றத்தில் முழங்காலிட்டு ஏறுகிறவர்களும் உண்டு. ராமானுசர் அப்படித்தான் ஏறினார் என்பது சம்பிரதாயம். மற்றொன்று சந்திரகிரிப் பக்கம், ஸ்ரீநிவாச மங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு. படிகள் குறைவு, தூரமும் குறைவு. சந்திரகிரிக் கோட்டையிலிருந்து வந்த அரசர்களின் வழி அது என்று சொல்வார்கள். 1513 முதல் கிருஷ்ணதேவராயர் ஏழு முறை திருமலைக்கு வந்ததைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. அவர் ஏறியதும் அந்த வழியே என்பது ஊர் வழக்கு. வழக்கு எவ்வளவு உண்மையோ, அது ஒரு பாகுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. கூட்டத்துக்கு ஒரு வழி, பெரிய இடத்து ஆட்களுக்குக் குறுக்கே ஒரு வழி. திருமலையின் பயண வரலாறு முழுவதும் இந்த இரண்டு இழைகளால் பின்னியது.

கூட்டத்தின் வழிதான் பணத்தின் வழியும் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பக்தர்கள் அல்லர். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டு நவாப் தன் கடனுக்கு ஈடாகத் திருப்பதிக் கோயில் வருமானத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிவைத்தார். 1801இல் கம்பெனி கோயில் நிர்வாகத்தையே நேரடியாக எடுத்துக்கொண்டது. 1821இல் 'புரூஸ் சட்டம்' என்று பெயர் பெற்ற விதிகளை எழுதி, யார் எதைச் செய்வது, யாருக்கு எவ்வளவு என்று வகுத்தது. இந்துக் கோயிலைக் கிறிஸ்தவ அரசு நடத்துவதா என்று இங்கிலாந்தில் கண்டனம் கிளம்பியதால், 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் நிர்வாகத்தை ஒப்படைத்து விலகியது. 1932ஆம் ஆண்டுச் சட்டம் இன்று கோயிலை நடத்தும் தேவஸ்தானத்தை உருவாக்கும்வரை மகந்துகளின் ஆட்சிதான். ரயிலும் விமானமும் இல்லாத அந்தக் காலத்திலேயே, காட்டுப் பாதையில் மாட்டு வண்டியிலும் நடந்தும் வந்த ஜனங்களின் காணிக்கை, ஒரு நவாபின் கடனுக்கு ஈடு சொல்லும் அளவுக்கு இருந்தது. கான்கூனுக்கும் திருப்பதிக்கும் உள்ள வேற்றுமை இதில்தான் இருக்கிறது. ஒன்றில் வழி போட்டு ஜனத்தை அழைத்தார்கள். மற்றொன்றில் ஜனம் வந்து வந்து வழி போட வைத்தது.

ரயில் வந்த விதமும் அப்படித்தான். 1860களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே, அரக்கோணத்திலிருந்து வடமேற்கே ராய்ச்சூரை நோக்கிப் போட்ட பாதையில் ரேணிகுண்டா ஒரு நிலையம். பம்பாயையும் சென்னையையும் இணைப்பதற்கான பாதை அது, திருமலைக்காகப் போட்டதல்ல. 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை விழுப்புரம், வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி ஊருக்குள்ளேயே வந்தது. தமிழ் மாவட்டங்களின் புரட்டாசிக் கூட்டம் நேரே மலையடிவாரத்தில் இறங்கியது. அன்று இவை யாவும் மெட்ராஸ் மாகாணம். 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தது, 1953இல் அது ஆந்திரத்துக்குப் போனது, 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு எத்தனை முறை நகர்ந்தாலும், சனிக்கிழமைக் கூட்டம் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆனால் ரயிலால் முடிந்தது அடிவாரம் வரைக்கும்தான். மேலே ஏற எல்லோருக்கும் கால்தான் கதி, முடியாதவர்களுக்கு டோலி. ரயில் எத்தனை பேரைக் கொண்டுவந்து கொட்டினாலும், கோயில் வாசலுக்கு எத்தனை பேர், எந்த நேரத்தில் போய்ச் சேருவார்கள் என்பதை மலையே தீர்மானித்தது.

அந்த மலையின் அதிகாரத்தைப் பறித்தது 1944 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்த மலைச்சாலை. திட்டத்தை வகுத்தவர் விஸ்வேஸ்வரய்யா என்பார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம், பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் திறந்த சாலை என்பதாலோ என்னவோ, அதன் முக்கியத்துவம் நமக்கு உறைக்கவில்லை. அதுவரை பிரிந்திருந்த இரண்டு இழைகளும் அந்தச் சாலையில் ஒன்றாக முறுக்கிக்கொண்டன. ஜமீன்தாரின் காரும் குடியானவர் ஏறிய பஸ்ஸும் அதே வளைவில் திரும்பின. டோலியில் உட்காரவும் காசில்லாத கிழவிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், கால் ஊனமானவருக்கும் திருமலை அன்றுதான் திறந்தது. 1970களில் ஏறுவதற்கென்று இரண்டாம் சாலை வந்தபின், பழைய சாலை இறங்குவதற்கு என்றானது. அதன் விளைவு மலைமேல் தெரிந்தது. வழியில் மலை நிறுத்திவைத்த கூட்டத்தை, இப்போது வாசலில் யாராவது நிறுத்தியாக வேண்டும். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ், அதில் கம்பார்ட்மென்ட், டோக்கன், முந்நூறு ரூபாய் தரிசனம் எல்லாம் அந்தச் சாலையின் பிள்ளைகள். மலைப்பாதை செய்த வேலையை இன்று காத்திருப்புக் கூடம் செய்கிறது.

இந்தக் கண்ணோடு ரேணிகுண்டாவுக்கு வருவோம். திருமலைக்கு 2024இல் வந்தவர்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் என்பது தேவஸ்தானக் கணக்கு. விமான நிலையத்தின் ஆண்டுப் பயணிகள் எண்ணிக்கையைத் தாராளமாகப் பத்து லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். அது வந்தவர், போனவர் இருவரையும் சேர்த்த எண். பாதியாக்கினால் வந்து இறங்கியவர்கள் ஐந்து லட்சம். அத்தனை பேரும் மலை ஏறினார்கள் என்று கொண்டாலும் நூற்றுக்கு இரண்டு பேர். பன்னாட்டு நிலையம் என்ற பட்டத்தின் கதை இன்னும் மெலிவு. சுங்கமும் குடியேற்றச் சோதனையும் நடத்தலாம் என்ற தகுதி கிடைத்து ஆண்டுகள் ஆகியும், அட்டவணைப்படி நாள்தோறும் வந்துபோகும் வெளிநாட்டு விமானச் சேவை அங்கே வேர்பிடிக்கவில்லை. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தமிழர்கள் மீனம்பாக்கத்தில் இறங்கி, கார் பிடித்துத் திருத்தணி, புத்தூர் வழியாகப் போகிறார்கள். மூன்று, நான்கு மணி நேரம். திருப்பதியின் பன்னாட்டு விமான நிலையம் நடைமுறையில் சென்னைதான்.

தலைகளை எண்ணுவது சரியான அளவுகோலா, விமானத்தில் வருகிறவர் ஒருவர் நூறு பேருக்குச் சமமாகக் காணிக்கை போடுவாரே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024இல் உண்டியல் காணிக்கை ஏறக்குறைய 1,365 கோடி ரூபாய் என்று தேவஸ்தானம் அறிவித்தது. அதை வந்தவர் தொகையால் வகுத்தால் ஆளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய். சராசரி பல விஷயங்களை மறைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஒருவர் கட்டுக் கட்டாகப் போட்டிருப்பார், இன்னொருவர் சில்லறை போட்டிருப்பார். ஆனாலும் இரண்டரைக் கோடிப் பேர் வராமல் அந்தக் குவியல் சேராது. அதே ஆண்டில் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைந்த பேர் முடி காணிக்கை கொடுத்தார்கள். அந்தத் தலைகளில் பெரும்பாலானவை ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவை என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விமான நிலையம் பக்தர்களுக்கு மட்டும்தானா? கருடா முனையம் திறந்த அதே நாளில் பிரதமர் திருப்பதியில் கைப்பேசி உற்பத்தி வளாகத்துக்கும் அடிக்கல் நாட்டினார். ரேணிகுண்டாவைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. ஏர்ப்பேடு பக்கம் ஐ.ஐ.டி. வந்தது, அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர் வந்தது. பொறியாளர்களும் பேராசிரியர்களும் ஹைதராபாத்துக்குக் காலையில் போய் இரவில் திரும்பவேண்டியவர்கள். அவர்களுக்கு இந்த நிலையம் தேவைதான். ஆனால் அது ரேணிகுண்டாவின் கதை. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் முளைக்கும் ஒரு தொழில் நகரத்தின் கதை. கோயிலின் பெயரைச் சொல்லி நிலையத்தை நியாயப்படுத்துவதை விட, தொழிற்சாலையின் பெயரைச் சொன்னால் கணக்கு நேராக இருக்கும். அந்தத் தொழில் கதையிலும் சென்னையின் நிழல் நீளமானது. சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டி வளர்ந்தது சென்னைத் துறைமுகத்தையும் சென்னை விமான நிலையத்தையும் நம்பித்தான்.

அப்படியானால் கோயிலின் வரலாற்றில் ரேணிகுண்டாவுக்கு இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் இடம் வேறு. இலவச தரிசன டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ரயில் நிலையத்தை ஒட்டி விஷ்ணு நிவாசம், பஸ் நிலையத்தை ஒட்டி ஸ்ரீநிவாசம், அலிபிரியில் பூதேவி காம்ப்ளெக்ஸ். கூட்டம் எங்கே வந்து இறங்குகிறதோ அங்கே. ரேணிகுண்டா விமான நிலையத்தில் தேவஸ்தானம் திறந்த கவுன்ட்டரில் அந்த டோக்கன் கிடைக்கவில்லை. அங்கே விற்றது ஸ்ரீவாணி டிக்கெட்: பத்தாயிரம் ரூபாய் நன்கொடை, மேலே ஐந்நூறு ரூபாய் தரிசனக் கட்டணம். போர்டிங் பாஸைக் காட்டி வாங்கிக்கொண்டால் மற்றவர்கள் கம்பார்ட்மென்ட்டில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வழியில் போய்விடலாம் என்றிருந்தது. பயண வேகத்தோடு வரிசை விலக்கும் சேர்ந்து கிடைத்தது. சந்திரகிரி அரசர்களின் ஸ்ரீவாரி மெட்டு எதற்கு இருந்ததோ, அதற்கே இதுவும். 1944ஆம் ஆண்டுச் சாலை ஒன்றாக முறுக்கிய இழைகளை இது மறுபடியும் பிரித்தது. அதனால் இதை வெறும் போக்குவரத்து வசதி என்று எழுதி நகர்ந்துவிட முடியாது. நன்கொடைப் பணம் ஊர் ஊராகக் கோயில் கட்டப் போகிறது என்று தேவஸ்தானம் விளக்கம் சொல்கிறது. நல்ல காரியம்தான்; ஆனாலும் குறுக்குவழி குறுக்குவழிதான். இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. கருவறைக்கு மேலுள்ள ஆனந்த நிலைய விமானத்துக்கு மேலே எதுவும் பறக்கக் கூடாது என்பது ஆகமம். திருமலைக்கு மேலே விமானங்கள் பறப்பதைத் தடை செய்யுங்கள் என்று தேவஸ்தானம் மத்திய அரசுக்கு மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. அதே தேவஸ்தானத்தின் கவுன்ட்டர், விமானத்தில் வந்து இறங்குகிறவரை வரவேற்கவும் காத்திருந்தது.

பழைய வழிகள் எவையும் சாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாலை வந்தபின்னும் மக்கள் படி ஏறுவதை விட்டுவிடவில்லை. நடந்து வருகிறவர்களுக்குத் தனி டோக்கன் கொடுக்கும் அளவுக்குப் பெருகினார்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றபின், ஏறுகிறவர்கள் கையில் தேவஸ்தானம் ஆளுக்கு ஒரு தடியைக் கொடுத்து அனுப்பியது. பன்னாட்டு விமான நிலையம் உள்ள ஊரில் 2023இல் யாத்ரீகருக்குக் கொடுத்த பாதுகாப்பு, ஒரு தடி. 2025 ஜனவரி 8ஆம் தேதி இரவு, வைகுண்ட துவார தரிசனத்துக்கு டோக்கன் வாங்கத் திருப்பதி ஊருக்குள் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பெண்மணியும் அவர்களில் ஒருவர். ரேணிகுண்டாவில் ஓடுபாதையை நீட்டுவது அவரவர் கொள்கை. ஆனால் விமானத்தில் வராத நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரில் பெரும்பாலோர் வந்து இறங்கும் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர் இடிபடாமல் உட்கார்ந்து டோக்கன் வாங்க இடம் கட்டுவதுதான் அரசும் தேவஸ்தானமும் முதலில் செய்யவேண்டிய வேலை.