தொழிற்பாதுகாப்புக் கல்வியும் நம் சமுதாயமும்

நமது சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அதிகம் எண்ணிப் பாராத ஒரு கல்வியின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம். அது, உழைப்போரின் உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் கல்வி. தருமபுரி மாவட்டத்தில் கல் உடைத்தோரும், கிணறு வெட்டியோரும், பெங்களூர் சென்று கட்டடச் சாரம் ஏறியோரும் நம்மவருள் பலர். ஆபத்து நமக்குப் புதிதன்று. அதனைத் தடுக்கும் அதிகாரமே புதிது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் பிறந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்று அது விதித்தது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல் அம்பேத்கர். வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேரம், 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணியாயிற்று. நம்மில் ஒருவர் கற்ற உயர்கல்வி, எல்லாச் சமூகத்துத் தொழிலாளருக்கும் நிழலாயிற்று.

1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல விதியை வகுத்தது. தொழிற்சாலையில் நச்சுவாயு தங்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ ஒருவர் இறங்குமுன், தகுதி பெற்றவர் தாமே அதனைச் சோதித்து, எழுத்தில் சான்று தருதல் வேண்டும். இன்றேல், இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பற்றியிருக்கும் கயிறும் வேண்டும். ஆனால் ஊர்தோறும் கழிவுநீர்த் தொட்டிகளில் மூச்சடைத்து மாண்டவர்களுக்கு அத்தகைய சோதனை ஏது? கையொப்பம் ஏது? மலக்குழிக் கொடுமையை ஒழிக்க 2013இல் தனிச் சட்டம் வந்த பின்னரும் அச்சாவுகள் நின்றபாடில்லை.

ஆயிரம் பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது 1976ஆம் ஆண்டுத் திருத்தம். 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன்பின் 1987இல், உடனடி ஆபத்தைக் கண்டு முறையிடும் உரிமை தொழிலாளருக்கு வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமோ அலுவலர் தேவைப்படும் எண்ணிக்கையைத் தொழிற்சாலைக்கு 500 எனவும், அபாயத் தொழிலுக்கும் கட்டுமானத்துக்கும் 250 எனவும், சுரங்கத்துக்கு 100 எனவும் குறைத்தது. பதவிகள் பெருகுகின்றன, அவற்றில் அமரப் போகிறவர் யார்?

நம் பிள்ளைகள் பலர் ஐ.டி.ஐ. சான்றிதழோடு நின்றுவிடுகின்றனர். அஃது ஏணியின் முதற்படியே. அங்கிருந்து பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. பொறியியல் பட்டயம், சில ஆண்டு மேற்பார்வை அனுபவம், அதன்மேல் தொழிற்பாதுகாப்புப் பட்டயம் என்பதே பாதுகாப்பு அலுவலராகும் வழி. சென்னைத் தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இவ்வுயர்பட்டயத்தைப் பயிற்றுவிக்கிறது. தொழிலாளருள் பெரும்பாலோர் பேசும் மொழியை அறிந்திருத்தலும் ஒரு தகுதியாக விதிக்கப்பட்டுள்ளது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழ வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது தடையாகுமா?

இளைஞர்களே! தலைமுறைதோறும் குழியில் இறங்கியவர்கள் நாம். இனி, குழியைச் சோதித்து, "இறங்காதே" என்று எழுதிக் கையொப்பமிடும் தகுதியை நாம் பெறுவோம்.