சயாம் நாட்டுக் கூத்தில் வயிரவ குரு

சயாம் என்று நெடுங்காலம் வழங்கி, 1939ஆம் ஆண்டில் தாய்லாந்து என முதன்முதற் பெயர் பெற்ற தேசத்திற்குச் செல்வோர், ஆங்குள்ள பெருநகரங்களிலே இரவு உணவும் பழங்கூத்தும் ஒருங்கு நிகழும் விருந்து மண்டபங்களைக் காண்பர். வடபகுதித் தலைநகராகிய சியங்மாயில் இவ்விருந்து மிகவும் பெயர் பெற்றது. விருந்தினர் காலணி களைந்து தரையில் அமர்வர். குறுங்கால்களையுடைய வட்டமான தட்டொன்று அவர்கள் நடுவே வைக்கப்படும். அதற்குக் ‘கந்தோக்கு’ என்று பெயர். ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சோறு சிறிய மூங்கிற் கூடையில் வரும். அதனைக் கையால் உருட்டி, மிளகாய்த் துவையலில் தோய்த்து உண்பது அந்நாட்டார் வழக்கம். ஏனைய கிண்ணங்களிற் பெரும்பாலன ஊனுணவே. புலால் மறுத்தோர் முன்னரே சொல்லிவைப்பின் ‘ஜே’ எனப்படும் உணவு கிடைக்கும். சீனப் பௌத்தரிடமிருந்து வந்த அவ்வுணவு ஊனையன்றி வெங்காயம் பூண்டுகளையும் விலக்குவதாதலின், சைவ ஆசாரமுடையார்க்குப் பெரிதும் இயைவதே.

தட்டும் உணவும் பழையனவாயினும், அவற்றைக் கூத்தோடு கூட்டி விருந்தாக அமைத்தது அண்மைக் காலத்ததே. சியங்மாய் நகரத்து அறிஞராகிய கிரைசிரி நிம்மானஹேமின் என்பார் 1953ஆம் ஆண்டில் நண்பர்க்கு அளித்த பிரிவுபசார விருந்தினின்று இவ்வழக்கம் பரவிற்று. கூத்தோ அத்தகையதன்று. விரல்தோறும் நீண்ட பித்தளை நகங்களைப் பூட்டிக்கொண்டு மகளிர் மெல்லென ஆடும் நகக்கூத்தும், முகமூடியணிந்து இராம சரிதத்தை ஆடிக்காட்டும் ‘கோன்’ என்னும் கூத்தும் அங்கே காட்டப்படும். (தமிழில் அரசனைக் குறிக்கும் சொல்லோடு இப்பெயர்க்குத் தொடர்பில்லை.) பிரான்சு தேசத்து அரசனின் தூதராய் 1687ஆம் ஆண்டில் சயாமுக்கு வந்த லா லூபேர் என்பவர் தாம் எழுதிய நூலிலே, கோன், இலக்கோன், இரபாம் என ஆட்டங்களை மூவகையாகப் பகுத்துக் கூறி, அவற்றுள் இரபாம் ஆடுவோர் நீண்ட செம்பு நகங்களை அணிந்திருந்தனர் எனவும் குறித்துள்ளார். ஆகவே விருந்தினர் சோறுண்டுகொண்டே காணும் அந்நகங்கள் முந்நூறாண்டுக்கு மேற்பட்ட சான்றுடையன.

அம்மண்டபங்களிற் காணப்படாத பகுதி ஒன்று உண்டு. முகமூடியைத் தலையில் ஏற்றுமுன் ஆடுவோன் அதனைக் கைகூப்பி வணங்குகின்றான். பௌத்த சமயத்தைக் கைக்கொண்ட அந்நாட்டிலே கூத்தன் வணங்கும் அக்குரு யாவர்? ஈசுவரன் என்பதே விடை. ‘பிரா ஈசுவன்’ என்று அவர் அழைப்பது கைலாசபதியாகிய சிவபெருமானையே.

கூத்துப் பயில்வோர் தொடக்கத்திற் கற்கும் பாடமே இதற்குச் சான்றாகும். ‘மே போத்’ என்னும் அடிப்படை அபிநயத் தொகுதி, ‘இராமகியன்’ எனப்படும் சயாம் நாட்டு இராமாயணத்தின் முற்பகுதிக் கதையொன்றில் அமைந்தது. கைலாய மலையின் அடியிலே நொந்துக் என்னும் அசுரன் அமர்ந்து, ஈசுவரனைத் தரிசிக்க வரும் தேவர்களின் கால்களைக் கழுவும் பணியைச் செய்திருந்தான். தேவர்கள் போகும்போதெல்லாம் விளையாட்டாக அவன் தலைமயிரைப் பிடித்திழுக்க, அவன் தலை வழுக்கையாயிற்று. வெகுண்ட அவன் ஈசுவரனை வேண்டி, சுட்டினாரை அழிக்கும் வயிர விரலொன்றை வரமாகப் பெற்றுத் தேவர் பலரைக் கொன்றான். அப்பொழுது நாராயணர் மோகன வடிவுடைய நடன மாதாக வந்து, தன்னைப்போல ஆடினால் உன்னை விரும்புவேன் என்றார். கைகூப்பும் தேவ வணக்கம், நான்முகப் பிரமன் என ஒவ்வொரு நிலையாக அவரைப் பின்பற்றி ஆடிவந்த அசுரன், நாகம் வால் சுருட்டும் நிலையில் தன் தொடையைத் தானே சுட்டி வீழ்ந்தான்.

பஸ்மாசுரன் கதையை அறிந்தார்க்கு இதன் மூலம் விளங்கும். அசுரன் தன் தலையிற் கைவைத்து எரிந்தான் என்பது இந்நாட்டுக் கதை. தன் தொடையைச் சுட்டினான் என்பது அந்நாட்டுக் கதை. ஆயினும் கதையை நீட்டிய வகையிலே சயாமியர் தனித்திறம் காட்டினர். ‘நான்கு கை படைத்த நீர் இரண்டு கையுடைய என்னை வெல்லுதல் வீரமோ’ என்று வீழ்ந்தவன் வினவ, நாராயணர் அவனைப் பத்துத் தலையும் இருபது கையும் உடையவனாய்ப் பிறக்கச் செய்து, தாம் இரண்டு கையுடைய மானுடனாய் வந்து பொருவதாகக் கூறினார். அவனே இராவணனாகப் பிறந்தான். இராம கதை முழுவதும் கைலாயத்தின் அடிவாரத்தில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தினின்று விளைந்ததாக அங்கே கொள்ளப்படுகின்றது. கூத்துக் கற்கும் சிறுவர் நாடோறும் பயில்வது நாராயணர் ஆடிய அவ்வாட்டத்தையே.

இச்சிவ சம்பந்தம் சயாமுக்கு வந்த வழிகள் பல. அவற்றுட் பெரியது கம்போச வழி. புரீரம் மாகாணத்தில் அணைந்துபோன எரிமலையொன்றின் உச்சியிலே பனோம் ரூங் என்னும் சிவாலயம் நிற்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நரேந்திராதித்தியன் என்னும் அரசகுலத்தவன் தவவேடம் பூண்டு வாழ்ந்த இடம் அது. அதன் கீழைவாயிலின் மேல் முகப்பிலே பத்துக் கைகளுடன் ஆடும் சிவபெருமானுடைய திருவுருவம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் கீழிருந்த பள்ளிகொண்ட நாராயணர் உத்தரக்கல் களவுபோய், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரத்திலே இருந்து 1988ஆம் ஆண்டில் மீண்டது வேறொரு கதை. 1431ஆம் ஆண்டளவில் அயோத்தியா நகரத்தார் கம்போசத் தலைநகரை வென்றபோது அந்நாட்டுப் பிராமணரும் கூத்தரும் அயோத்தியாவை அடைந்தனர். பின்னும், காம்பேங்பேத்து என்னும் ஊரிலே 1510ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற செப்புத் திருமேனியொன்று சாசனத்துடன் இன்றும் உள்ளது. அச்சாசனம் திருமேனியை ஈசுவரன் என்றே பெயர் சொல்லிக் குறிக்கின்றது.

தமிழ்நாட்டு வழியும் ஒன்று உண்டு. தகுவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம் மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்ட அவனிநாரணம் என்னும் குளத்தைக் கூறுகின்றது. பாங்காக்கிலே 1784ஆம் ஆண்டில் எடுக்கப்பெற்ற தேவஸ்தானத்துப் பிராமணர் மார்கழி, தை மாதங்களை ஒட்டிச் செய்யும் ‘திரியம்பாவாய்’ விழாவிலே, கைலாயக் கதவந் திறக்கும் சடங்கும் திருவெம்பாவைப் பதிகத்தின் திரிந்த ஒலிகளும் வழங்குகின்றன. அவ்விழாவின் பெரிய ஊசலாட்டம் ஏழாம் இராமர் ஆட்சியில் நின்றுபோயிற்று. ஊசலின் செந்நிறத் தூண்கள் மட்டும் ஆலயத்தின் எதிரே நிற்கின்றன. கூத்தைப் பற்றியவரையில், இளவரசர் தம்ரோங் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட கூத்து நூலிலே, தாருகவனத்து முனிவர் செருக்கை அடக்கி முயலகன்மேல் பெருமான் ஆடியதும், தில்லையில் அக்கூத்து நிகழ்ந்ததுமாகிய வரலாறு எடுத்துரைக்கப்பட்டுள்ளது. தில்லைக் கோபுர வாயில்களிலே நூற்றெட்டுக் கரணங்களையும் கண்டோர்க்கு இது வியப்பன்று. ஆயின் கடல் கடந்த பௌத்த அரச குடும்பத்தார் ஒருவர் தம் நாட்டுக் கூத்துக்குத் தோற்றுவாயாகத் தில்லையை நினைத்தமை எண்ணற்பாலது.

இனி, குருவழிபாடு. ‘வாய் குரு’ என்னும் அச்சடங்கு குருவாரமாகிய வியாழக்கிழமையிலே நடைபெறும். படிப்படியாக அமைந்த மேடையிலே ஈசுவரன், நாராயணர், பிரமன், விநாயகர், விசுவகர்மா முதலியோர் முகங்கள் வைக்கப்படும். புத்தர் திருவுருவம் அனைத்திற்கும் உயர்ந்த இடத்தில் இருக்கும். வெள்ளாடை உடுத்த ஆசிரியர் முனிவர் பாவனையில் ஆடி வந்து அமர்ந்து, தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைப்பார். ஒவ்வோரழைப்புக்கும் உரிய இசையை வாத்தியக்காரர் முழக்குவர். முடிவிலே மாணவர் தலைமேல் ஆசிரியர் முகங்களை ஏற்றி அருளுவார். அவற்றுள் ஒன்று பரத முனிவருடையது. மற்றொன்று கோரப்பற்களும் கடுமுகமும் உடைய ‘பிரா பிராப்’ என்பவருடையது.

கூத்தர் மிகவும் அஞ்சி வணங்கும் குரு இவரே. இராமகியனிலே பிராப் என்ற பெயருடைய அரக்கன் ஒருவன் உளன். சீதையைப் பற்ற வந்து இராமரால் மாண்டவன், வடமொழியில் விராதன் எனப்படுவோன். இராமரால் மாண்ட அரக்கனைக் கூத்தர் தலைமேற் கொண்டு குருவாக வழிபடுவரோ என்னும் ஐயம் எவர்க்கும் எழும். இரு பெயர்கள் ஒலியொப்புமையால் ஒன்றாயின எனவும், கூத்தர் குருவாகிய பிராப் என்பது பைரவர் என்னும் பெயரின் திரிபே எனவும் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அதுவே பொருத்தமுடையது. ஆடும் இறைவனின் உக்கிர வடிவம் கூத்தர்க்குக் குருவாதல் இயல்பு. வதையுண்ட விராதன் குருவாதற்கு இயைபொன்றும் இல்லை.

அவர்க்கு இடும் படையலும் தனித்தன்மையுடையது. வாழை, தேங்காய், இனிப்புப் பண்டங்களுடன், வெந்த ஊனும் பச்சையூனும் வெவ்வேறாக வைக்கப்படும். பச்சையாக உள்ளது பிராப்புக்கும் அசுர கணத்துக்கும் உரியது. இது காண்பதற்குச் சைவர் மனம் கூசும். ஆயினும் சிறுத்தொண்டர் மனைக்கு இறைவர் எவ்வேடத்தில் வந்து எவ்வமுது வேண்டினார் என்பதைப் பெரிய புராணத்திற் படித்தோர், வயிரவ வேடத்துக்கும் ஊன்படையலுக்கும் உள்ள தொடர்பு புதிதென்று சொல்லார். சயாம் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து சென்றதென இதனால் துணிதல் தகாது. இரண்டும் ஒரே பழமையின் கிளைகள் எனலாம்.

இவ்வழிபாட்டில் உச்சமானது ‘பிரா பிராப் திருவாட்டம்’. ஒரு கையில் வேலும் மற்றொரு கையில் அரைநெல்லித் தழையும் ஏந்தி முகமூடியுடன் ஆடுவது அது. தகுதியறியாது கற்பித்தால் கேடு விளையும் என்ற அச்சத்தால், ஆசிரியர் தம் இல்லத்தில் அதனைக் கற்பியார். கோயிலிலோ அரண்மனையிலோதான் கற்பிப்பர். அருமை கருதிச் செய்த இக்கட்டுப்பாடே அதற்கு ஆபத்தாய் முடிந்தது. ஆறாம் இராமர் 1925ஆம் ஆண்டில் இறந்தபின் அரண்மனைக் கூத்தர் கூட்டம் குறைந்தது. 1932ஆம் ஆண்டின் அரசியல் மாறுதலுக்குப்பின் அரசர் ஆதரவு மேலும் சுருங்கிற்று. 1934ஆம் ஆண்டில் நுண்கலைத் துறையார் கூத்துப் பள்ளி ஒன்றை நிறுவினர். அரண்மனைக் கூத்தரும் முகமூடிகளும் அத்துறைக்கு மாறினர். பள்ளியிலே மாணவர் பெருகினர். ஆனால் பிராப் திருவாட்டம் அறிந்த ஆசிரியர் ஒருவர்பின் ஒருவராக மறைந்து, முடிவில் நாய் ரோங் பக்தி என்னும் முதியவர் ஒருவரே எஞ்சினார். அவ்வொருவர் உடம்போடு அக்கூத்து ஒழிந்துபோகும் நிலை வந்தது.

1963ஆம் ஆண்டில் ஒன்பதாம் இராமராகிய பூமிபால் அரசர், அவ்வாட்டத்தைப் பிறர்க்கு அளிக்குமாறு அவர்க்குக் கட்டளையிட்டார். சித்திரலதா அரண்மனையிலே, அரசர் முன்னிலையில், ஆக்கோம் சாயாக்கோம் முதலிய நால்வர்க்கு அவர் அதனைக் கற்பித்தார். அந்நிகழ்ச்சி திரைப்படமாகவும் பதிவு செய்யப்பட்டது. ஆக்கோம் குருவழிபாட்டை நடத்தும் உரிமையும் பெற்றுப் பல்லாண்டு நடத்திவந்தார். அவர் 1982ஆம் ஆண்டில் இறந்தபொழுது அவ்வுரிமையைத் தமக்குப்பின் ஒருவர்க்கும் அளித்திலர். ஆட்டம் பிழைத்தது, குருபரம்பரை அறுந்தது. புதிய மாணவர் தலையில் முகத்தை ஏற்றி அருளத் தக்கார் எவருமில்லாத நிலையில், 1984ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அரசரே குருவின் இடத்தில் நின்று, தெரிந்தெடுத்த ஐந்து ஆசிரியர்க்கு அவ்வுரிமையை வழங்கினார்.

அரசர் கூத்தர்க்குக் குருவாதல் கூடுமோ என்னும் வினாவுக்கு அந்நாட்டார் கூறும் விடை எளிது. முடிபுனைந்த அரசர் தெய்வாம்சம் உடையவர். தேவஸ்தானத்துப் பிராமணர் கைலாயக் கதவந் திறந்து மந்திரம் ஓதி முடிசூட்டப்பெற்றவர். ஆதலின் அறுந்த நூலை மூலத்திலிருந்து முடியத் தக்கவர் என்பர். சித்தாந்த நூலோர் கூறும் குருலக்கணத்திற்கு இது முற்றும் ஒத்ததன்று. எனினும் பரம்பரை அறுந்துழி மூலத்தையே நாடவேண்டும் என்று அவர் கருதியதும், அம்மூலம் ஈசுவரனிடத்தது என்று கொண்டதும் சைவர் கவனிக்கத்தக்கன.

கோன் கூத்து 2018ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகத்தாரின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1984ஆம் ஆண்டில் உரிமை பெற்றோரின் மாணவர் வழியாகவே இப்பொழுது வியாழக்கிழமை வழிபாடுகள் நடைபெறுகின்றன. சியங்மாய் விருந்து மண்டபத்தில் அநுமானாக ஆடும் இளைஞனும் பெரும்பாலும் அத்தகைய வழிபாடொன்றிலே வயிரவ முகத்தைத் தலையில் ஏற்றவனே. விருந்தினர் அவனைக் காண்பது உணவு முடிந்து தட்டுக்கள் எடுக்கப்படும் வேளையில். அவன் திரைக்குப் பின்னே முகமூடிக்குக் கைகூப்புவது அதற்குச் சற்று முன்னர்.